அமிலமும் மூலமும்

அஞ்சலை வந்து நின்றபோது நான் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மரக்காணத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு கடலோரக் குப்பத்துக்காரி. மீன் கூடையோடு பஸ் ஏறி, ஊர் ஊராக விற்றுவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவள். அன்றைக்குக் கூடை இல்லை. கையில் ஒரு மஞ்சப்பை மட்டும் இருந்தது.

"மிஸ், ஒரு நிமிசம் வெளிய வர்றீங்களா?"

வெளியே போனேன். வராந்தாவில் சொல்ல முடியாதாம். குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"எம் பொண்ணு கனகா விசயம்தான் மிஸ். உங்ககிட்ட சொல்லியிருப்பா. என்கிட்ட சொல்ல வெக்கம் போல."

"என்ன விஷயம்?"

"அதான் மிஸ். மூலம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் குரலை இன்னும் இறக்கினாள். "காலையில தல பின்னிக்கினே பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்ட சொல்லிக்கினு இருந்தா. 'எனக்கு மூலம் நல்லா புடிபட்டுப்போச்சி, அமிலம்தான் இன்னும் பேஜாரு பண்ணுது'ன்னு. பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு வர்ற நோவா மிஸ் இது? வயிறு எரியுது போல, அதான் அமிலம்னுது. துத்தி எலை கொணாந்திருக்கேன். வெளக்கெண்ணெயில வதக்கிச் சாப்புடணும். நான் குடுத்தா எரிஞ்சி வுழுவா. நீங்க குடுத்தா வாங்கிக்கும்."

மஞ்சப்பையை என் கையில் திணித்தாள். உள்ளே இலை ஈரமாக, பச்சை வாசனையோடு இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தொட்டியின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாயின் முகத்துக்கு எதிரே சிரித்தால் எனக்குச் சோறு இறங்காது.

இந்தச் சங்கடத்துக்கு மூலகாரணம் நான்தான். சொல்லவே பயமாக இருக்கிறது, பாருங்கள், இந்த வார்த்தையை. எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டர்க்காரர்

திண்டிவனத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அதில் நான் அறிவியல் ஆசிரியை. ஊர்ப்பெயர் வேண்டாம். போன அத்தியாயத்தில் ஓர் ஊரின் பெயரை எழுதிவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டுச் சண்டை போட்டதை என் வீட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை.

வீடியோவில் பாடம் என்பது எனக்குப் புதிதல்ல. தொண்ணூற்று மூன்று வாக்கில் விழுப்புரத்தில் பி.எஸ்சி. படித்தபோது எங்கள் விடுதியில் ஒரு டிவி இருந்தது. சினிமாப் பாட்டுக்கு வார்டன் அம்மாள் போட மாட்டார். மத்தியானம் டெல்லியில் இருந்து இங்கிலீஷில் ஒரு பாடம் வரும். அதற்கு மட்டும் அனுமதி.

பாடம் நடத்தியவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆள். நாங்கள் எல்லாரும் தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவர்கள். அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தினமும் ஸ்வெட்டரை மாற்றிவிடுவார். விழுப்புரம் வெயிலில் வியர்த்துக்கொண்டு அதைப் பார்ப்பதே ஓர் அதிசயம். கையில்லாத பச்சை ஸ்வெட்டர் போட்டு வந்தால் பாடம் கஷ்டம், மெரூன் என்றால் சுமார் என்று நாங்களே ஒரு கணக்கு வைத்திருந்தோம்.

அந்த மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. பாடம் புரிய வேண்டுமானால் அது தமிழில் இருக்க வேண்டும். இந்த ஞானத்தைத்தான் இருபது வருஷம் கழித்துச் செயல்படுத்தப் போய் மாட்டிக்கொண்டேன்.

நாகர்கோயில் பக்கம் போல

மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. எங்கள் பள்ளியில் படித்து எங்கோ நன்றாக இருந்த ஒருவர் ஒரு புரொஜெக்டரும் லேப்டாப்பும் வாங்கிக் கொடுத்தார். எச்.எம். தணிகாசலம் சார் அவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து பீரோவில் பூட்டினார். வெளியே எடுத்தால் கெட்டுவிடுமாம். அவரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டித்தான் சாவியை வாங்கினேன்.

பள்ளியில் இன்டர்நெட் கிடையாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரஹீம் பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். அவர் வீட்டில் எல்லா ஆண்களும் துபாய், மஸ்கட் என்று இருக்க, இவர் மட்டும் புதுச்சேரியைத் தாண்டியதில்லை. பென் டிரைவோடு அவர் கடையில் போய் உட்கார்ந்தேன்.

"தமிழ்ல பத்தாங்கிளாஸ் சயின்ஸ் வீடியோ வேணும் பாய்."

அவர் தேடினார். அந்தக் காலத்தில் நெட்டில் தமிழ் என்று தட்டினால் பல்லி விழும் பலன் வரும், கல்யாண வீடியோ வரும். பாடம் வராது. சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்தேன். ஒரு நாள் பாய் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கூப்பிட்டார்.

"மிஸ், மாட்டிக்கிச்சி. ஒரு சாரு வரிசையா போட்டு வெச்சிருக்காரு. ஜல்தி வந்து பாருங்க."

ஒரு கரும்பலகை. ஒரு கை. அந்தக் கையில் சாக்பீஸ். ஆள் முகம் தெரியவில்லை. பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது. அந்தக் கை அச்சு மாதிரி எழுதியது. குரல் அவ்வளவு இதம்.

"சரி பிள்ளையள், இண்டைக்கு நாங்கள் ஒளித்தொகுப்பு எண்டா என்ன எண்டு பாப்பம். விளங்காட்டி நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் பாருங்கோ. வெக்கப்படாதேங்கோ."

"இது எந்த ஊர்ப் பேச்சு பாய்?"

பாய் கண்ணை மூடிக் கேட்டார். "நாகர்கோயில் பக்கம் போல மிஸ். அவுங்க பேச்சுல கொஞ்சம் மலையாளம் கலந்துக்கினு வரும்."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் நாகர்கோயிலைப் பார்த்ததில்லை. அந்தக் கை ஒளிச்சேர்க்கையை 'ஒளித்தொகுப்பு' என்றும் ஆக்சிஜனை 'ஒட்சிசன்' என்றும் எழுதியபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தப் பக்கம் தமிழ்ப்பற்று அதிகம், ஆக்சிஜனைக்கூட விட்டுவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொற்கள் வேறாக இருந்தால் என்ன, பக்கத்தில் நின்று நான் மாற்றிச் சொல்லிவிட்டால் போயிற்று என்று பென் டிரைவ் நிறைய இறக்கிக்கொண்டேன்.

இன்னொரு தபா

வகுப்பறையில் ஜன்னலுக்குக் கதவு இல்லை. வெளிச்சத்தில் படம் தெரியாது. குப்பத்துப் பிள்ளைகள் படகு மூடுகிற நீலத் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து கட்டினார்கள். அறை முழுக்க நீலமாகிவிட்டது. கூடவே கருவாட்டு வாசனை. ஒளித்தொகுப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மூக்கில் நெத்திலி வாசனை அடிக்கிறது.

முதல் வீடியோ ஓடி முடிந்ததும் கடைசிப் பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னொரு தபா போடுங்க மிஸ்."

கனகா. அஞ்சலையின் மகள். மூன்று வருஷமாக என் வகுப்பில் இருந்தவள். அதுவரை அவளாக வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. காலாண்டில் அறிவியலில் தேறவில்லை. அந்தப் பெண்ணா பேசியது என்று எட்டிப் பார்த்தேன்.

மறுபடி போட்டேன். சேவல் கூவும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து கூவினார்கள். முடிந்ததும் மறுபடி அதே குரல், "அந்த எல வர்ற எடம் மட்டும் இன்னொரு தபா."

அன்று வகுப்பு முடிந்து தார்ப்பாயை அவிழ்க்கும்போது அவளிடம் கேட்டேன். "ஏன்டி, இவ்ளோ நாளா என்கிட்ட ஒரு தடவகூட இப்படிக் கேட்டதில்லையே?"

அவள் தார்ப்பாயின் முடிச்சையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு மொறைக்க மாட்டாரு மிஸ்."

சுருக்கென்று இருந்தது. எனக்கு முன்கோபம் உண்டு. ஊரறிந்த விஷயம். ஆனால் வீடியோவில் ஒரு கை மட்டும் தெரிகிற மனிதர் என்னைவிட நல்லவர் என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்னது அன்றுதான். இரண்டு நாள் அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கென்ன, முப்பத்தெட்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தண்ணி குடிக்கப் போகணும் என்று கேட்டால் தெரியும் சேதி.

கனகாவுக்கு ஒரே ஓர் ஆசை. முந்தின வருஷம் படகு இன்ஜினில் அண்ணனின் கை சிக்கி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவனோடு துணைக்கு இருந்திருக்கிறாள். அங்கே நர்சுகளைப் பார்த்ததில் இருந்து அதே நினைப்பு. நர்ஸ் ஆக வேண்டுமானால் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் வேண்டும். திண்டிவனத்தில் அந்தக் குரூப் கிடைக்கப் பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க் வேண்டும். அஞ்சலையும் தெளிவாகச் சொல்லியிருந்தாள். குரூப் கிடைத்தால் பஸ்ஸுக்கு அனுப்புகிறேன், இல்லையென்றால் இறால் கம்பெனிக்கு வேன் வருகிறது, ஏறிக்கொள்.

கம்பெனியில் ஐஸ் தண்ணியில் நாள் முழுக்கக் கையை வைத்து இறால் உரிக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்களின் விரல் நுனிகளை அவள் பார்த்திருக்கிறாள். அதனால்தான் "இன்னொரு தபா".

தினமும் தியானம்

மார்கழிக்குள் வகுப்பே மாறிவிட்டது. பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்தது. எனக்குத்தான் பிள்ளைகள் பேசுவது புரியவில்லை.

முடுக்கம் என்று நான் சொன்னால் முழிப்பார்கள். 'ஆர்முடுகல்' என்றால் கணக்கே போட்டுவிடுவார்கள். செல் என்றால் போன். 'கலம்' என்றால்தான் உயிரியல். புரிந்ததா என்று நான் கேட்டால் பதில் இல்லை. "விளங்குதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் அந்த சார் பழக்கிவிட்டபடி, ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றது.

அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். எச்.எம். பெருமையாக அவரை என் வகுப்புக்கே அழைத்து வந்தார். அதிகாரி நின்றபடியே கேட்டார்.

"செடிகள் நமக்கு என்ன வாயு குடுக்குது?"

"ஒட்சிசன்" என்றது வகுப்பு.

அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டார். கடலோரத்துப் பிள்ளைகள், நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். நானும் அவரைத் திருத்தப் போகவில்லை.

"நல்லா படிக்கணும். விளங்குதா?"

"ஓம்ம்."

முப்பத்தெட்டு தொண்டைகள், நீல இருட்டில், ஒரே சுதியில். அதிகாரி உடம்பே ஒரு நிமிஷம் நிமிர்ந்தது. எச்.எம். பக்கம் திரும்பி, "தியானம் சொல்லிக் குடுக்குறீங்களா சார்?" என்றார்.

தணிகாசலம் சார் பொய் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமாங்கய்யா. தினம் காலையில. மனசு ஒருமுகப்படுதுங்க."

எங்கள் பள்ளிக்கு அன்று கிடைத்த பாராட்டு வேறு எந்தப் பள்ளிக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளியில் இருந்து இரண்டு பேர் தியான முறையைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். எச்.எம். என்னைக் கைகாட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

சிவப்பு வட்டங்கள்

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை துத்தி இலையோடு வந்தாள். அந்த சார் பாஷையில் காரத்துக்குப் பெயர் மூலம். அமிலமும் மூலமும் சேர்ந்தால் உப்பும் நீரும். இதைத்தான் கனகா தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தொட்டிக்குப் பின்னால் நின்று நான் விளக்கினேன். "அது நோய் இல்ல அஞ்சல. பாடம்."

அவள் நம்பவில்லை. "பாடத்துல எதுக்கு மிஸ் அத்தயெல்லாம் போடுறாங்க? பொட்டப் புள்ளைங்க படிக்கிற எடத்துல." இலையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. எதற்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'எதற்கும்' என்னைப் பார்த்துச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

வீட்டில் போய் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அரையாண்டுப் பரீட்சை வரைக்கும்தான் தாங்கியது.

அரையாண்டுத் தாள்களைப் பக்கத்துப் பள்ளியோடு மாற்றிக்கொண்டு திருத்துவது எங்கள் வழக்கம். திரும்பி வந்த கட்டைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம். ஒட்சிசனைச் சுற்றி வட்டம். காபனீரொட்சைட்டைச் சுற்றி இரண்டு வட்டம். கார்பன் டை ஆக்சைடை அந்த சார் அப்படித்தான் எழுதுவார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, இன்னோர் இடத்தில் "இது என்ன மந்திரமா?" என்று ஒரு குறிப்பு. கனகா எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தாள். தேறவில்லை.

அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான்தான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு முதல் தடவையாகப் புரிந்ததை, நான் கொண்டுவந்த வீடியோவாலேயே முட்டை ஆக்கிவிட்டேனே என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ரஹீம் பாய் கடைக்குச் சண்டை போடப் போனேன். அவருடைய அண்ணன் துபாயில் இருந்து லீவில் வந்து உட்கார்ந்திருந்தார். வீடியோவை அரை நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இது சிலோன் தமிழுங்க மிஸ். எங்க ரூம்ல நாலு பேரு இருக்காங்க. தெனம் இந்தப் பேச்சுதான். அவங்க ஊர்ப் பாடப் புஸ்தகத்துல இப்பிடித்தான் இருக்கும்."

ரஹீம் பாய் என்னைப் பார்க்காமல் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஆக, மூன்று மாதமாக நான் கடல் தாண்டிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தமிழில் இருந்து தமிழுக்கு

பொங்கல் முடிந்து பரீட்சை வரைக்கும் வீடியோவை நிறுத்தவில்லை. எச்.எம். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் கனகா மறுபடி கடைசிப் பெஞ்சில் வாய்மூடி உட்கார்ந்துவிடுவாள். அதனால் வீடியோ முடிந்ததும் மொழிபெயர்ப்பு நடக்கும். தமிழில் இருந்து தமிழுக்கு.

"ஒட்சிசன்?"

"ஆக்சிஜன்."

"மூலம்?"

"காரம்."

முதல் இரண்டு வாரம் நிலைமை இன்னும் மோசமானது. சொற்கள் கலந்துபோய் 'ஒட்சிஜன்' வந்தது, 'ஆக்சிசன்' வந்தது, ஒருத்தன் 'கார்பனீர் டை ஒட்சைடு' என்று புதிதாக ஒரு வாயுவையே கண்டுபிடித்தான். கனகா திணறினாள். "அவரு பேர்ல சொன்னா படமா வருது மிஸ். நம்ம பேர்ல சொன்னா வெறும் எழுத்தா வருது" என்றாள்.

மார்ச்சில் பரீட்சை எழுதினார்கள். கடைசி நாள் கேட்டின் பக்கம் அவளை நிறுத்தி, எந்தப் பெயரில் எழுதினாய் என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டு, அவள் தப்பாகச் சொல்லிவிட்டால், மே மாதம் வரைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

விழுப்புரம் முகாம்

விடைத்தாள் திருத்தும் முகாம் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில். எங்கள் மாவட்டத் தாள்கள் வேறு எங்கோ போய்விடும். வேறு மாவட்டத் தாள்கள் எங்களிடம் வரும். யாருடையது, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. சித்திரை வெயில், சத்தம் போடும் மின்விசிறி, தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்த டிபன் பாக்ஸ். எங்கள் மேஜைக்கு முதன்மைத் தேர்வாளர் கஜேந்திரன் சார். நாங்கள் திருத்தியதில் சிலவற்றை எடுத்து அவர் சரிபார்ப்பார். விடைக்குறிப்பில் இல்லாத கமாவுக்குக்கூட மார்க் போடாதவர்.

இரண்டாம் நாள், ஒரு தாளைப் பிரித்தேன். 'பச்சைத் தாவரங்கள் காபனீரொட்சைட்டை உள்ளெடுத்து ஒட்சிசனை வெளிவிடும்.'

கனகாவா என்று தாளைக் கண்ணருகே கொண்டுபோனேன். கையெழுத்து அவளுடையது இல்லை. எங்கள் மாவட்டத் தாளும் இல்லை. அப்படியென்றால் எங்கோ முகம் தெரியாத ஓர் ஊரில் என்னைப் போலவே ஒரு டீச்சர் பென் டிரைவோடு அலைந்திருக்கிறார். அங்கேயும் யாரோ ஒரு பாய், நாகர்கோயில் பக்கம் போல என்று சொல்லியிருப்பார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

எல்லாவற்றுக்கும் மார்க் போட்டேன். சரிபார்க்கக் கஜேந்திரன் சார் கையில் அந்தத் தாளே சிக்கியது.

"இன்னா மேடம் இது? இத்தப் போயி ரைட்டு போட்டுக்கினு இருக்கீங்க? இது எந்த பாஷை?"

"தமிழ் சார்."

"புஸ்தகத்துல ஆக்சிஜன்னு இருக்குது."

"ஆக்சிஜன் தமிழா சார்?"

மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது. "அது சயின்சு. விடைக்குறிப்புல இல்லாதத நான் போட முடியாது."

"நம்ம ஊர்ல மல்லாட்டைன்றோம். மெட்ராஸ்காரன் வேர்க்கடலைன்றான். வேர்க்கடலைன்னு ஒரு பையன் எழுதினா முட்டை போடுவீங்களா?"

"புஸ்தகத்துல நிலக்கடலைன்னு இருக்குது. ரெண்டு பேருக்குமே போட மாட்டேன்."

இந்த மனிதரை என்ன செய்வது? அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டி, அங்கே இருந்ததைச் சத்தமாக வாசித்தார். "அமிலமும் மூலமும் தாக்கமுற்று..." மேஜையே அதிர்ந்தது. ஒருத்தர், "பாவம், பரீட்சைய உக்காந்துக்கினு எழுதுச்சோ நின்னுக்கினு எழுதுச்சோ" என்றார். வேறொரு நாளாக இருந்திருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன்.

அன்றைக்கு எனக்கு முன்கோபம் வந்தது. "சிரிக்காதீங்க" என்றேன். கூடத்தில் எல்லா மேஜையும் திரும்பிப் பார்த்தது. "இதே மாதிரி எங்கயோ ஒரு முகாம்ல, எங்க பொண்ணு பேப்பர வெச்சிக்கினு நாலு பேரு சிரிச்சிக்கினு இருப்பாங்க. அது எல்லாத்தையும் புரிஞ்சி எழுதியிருக்கும். முட்டை போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. அது இறால் கம்பெனி வேன்ல ஏறிடும்."

விடைத்தாள் மேல் கண்ணீர் ஒரு சொட்டு விழுந்ததை முந்தானையால் ஒற்றி எடுத்தேன்.

கஜேந்திரன் சார் மெதுவாகக் கேட்டார். "உங்க பொண்ணாங்க?"

"என் ஸ்கூல் பொண்ணு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளை முதல் பக்கத்தில் இருந்து ஒரு வரி விடாமல் படித்தார். ஒளித்தொகுப்பு விடைக்குக் கீழே அந்தப் பிள்ளை ரசாயனச் சமன்பாட்டைக் குறியீட்டில் எழுதியிருந்தது. அதில் எந்த ஊர்த் தமிழும் இல்லை. அவர் விரல் அங்கே வந்து நின்றது.

"தெரிஞ்சிதான் எழுதியிருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கி யாராச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று நான் போட்ட மார்க்கை அப்படியே விட்டார். மூலத்துக்கு மட்டும் அரை மார்க் குறைத்தார். பழக்கதோஷம்.

டி.சி. வாங்க வந்த நாள்

ரிசல்ட் வந்தது. கனகாவுக்கு அறிவியலில் நல்ல மார்க். திண்டிவனத்தில் சயின்ஸ் குரூப் கிடைத்துவிட்டது. டி.சி. வாங்க அம்மாவும் மகளும் வந்தார்கள். அஞ்சலை கூடையோடு வந்திருந்தாள். வாழை இலையில் சுற்றி எனக்கு வஞ்சிரத் துண்டம்.

நான் அதற்குமேல் தாங்க மாட்டாமல் கேட்டேன். "எந்தப் பேர்லடி எழுதின?"

"ரெண்டுலயும்தான் மிஸ். மொதல்ல நம்மது, பக்கத்துல அடைப்புக்குள்ள அவரது. எந்த சாரு கையில போயி மாட்டுதோ யாருக்குத் தெரியும்?"

நான் விழுப்புரத்தில் கூடமே திரும்பிப் பார்க்க அழுதது இதற்காகத்தானா? எனக்கு ஆத்திரமாக வந்தது. முகாமில் நடந்ததை அவளிடம் அப்படியே சொன்னேன். கொஞ்சம் திட்டிக்கொண்டேதான் சொன்னேன். அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

முடிந்ததும் அஞ்சலை, "அந்தப் புள்ள பாஸாயிருக்குமா மிஸ்?" என்றாள்.

"தெரியல. பேரும் கிடையாது ஊரும் கிடையாது. மத்த பாடத்துல எப்படியோ."

கனகா யோசித்தாள். "சமன்பாடு எழுதியிருந்துச்சின்னு சொன்னீங்களே மிஸ். சமன் ஆவுற மாதிரி முன்னால ஆறு போட்டிருந்துச்சா?"

நான் கண்ணை மூடி அந்தப் பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவந்தேன். "போட்டிருந்தது."

"ரெண்டு பக்கமுமா? ஒட்சிசனுக்கும்?"

"ஒட்சிசனுக்கும்."

"அப்ப ஒண்ணும் பயமில்ல மிஸ்" என்றாள். "அது பாஸு."

சொல்லிவிட்டு அம்மாவின் கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.